முன்வரிசையில் ஓர் இடம்

நிபோங் திபாலை அடுத்த பைராம் தோட்டத்திலோ நாட்டின் வேறெந்தத் தோட்டத்திலோ, மாலையில் திடலில் பந்து உதைக்கும் பிள்ளைகளை நிறுத்தி, "நீ எந்த இடத்தில் ஆடப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கோல்காவலராக நிற்கிறேன் என்று தாமாகச் சொல்பவர் அரிது. பெரும்பாலோர் முன்வரிசையைத்தான் கேட்பர். கோல் அடித்தவரின் பெயர்தானே மறுநாள் நாளிதழில் வருகிறது!

பைராம் தோட்டம் அமைந்துள்ள தென் செபராங் பிறை மாவட்டத்திலேயே பத்து காவான் அரங்கமும் இருக்கிறது. ஆயினும், தோட்டத் திடலில் ஆடும் ஒருவர் அத்தகைய அரங்கில் ஊதியம் பெறும் தாக்குதல் ஆட்டக்காரராக இறங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் என்ன நடக்கிறது? மலேசியாவையும் தமிழ்நாட்டையும் சேர்ந்த இரண்டு தமிழ் இளைஞர்களின் தொடக்க கால ஆட்டங்களைக் கொண்டு இதனை அறிந்துகொள்வோம்.

2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள். ஷா ஆலாம் அரங்கில் சீ விளையாட்டுப் போட்டியின் காற்பந்து அரையிறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் மோதின. சொந்த மண்ணில் நடக்கும் போட்டி. எதிரில் நிற்பதோ நெடுநாள் போட்டியாளர். ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்கூட இல்லாத வேளையிலும் இரு தரப்பும் கோல் காணவில்லை. அப்போது மலேசியாவுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. பறந்து வந்த பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார் தனபாலன் நடராஜா. அந்த ஒரே கோலில் மலேசியா இறுதியாட்டத்திற்குச் சென்றது.

மூலை உதையில் கோல் அடிப்பது எளிதாகத் தோன்றலாம். உண்மையில், தாக்குதல் ஆட்டக்காரரின் வேலை பந்து உதைக்கப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தம்மைக் காவல் காக்கும் தற்காப்பு ஆட்டக்காரர் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பும் நொடியில் அவர் நகர வேண்டும். ஓர் அடி முன்னால் சென்றால் பந்து தலைக்கு மேலே போய்விடும். ஓர் அடி பிந்தினால் எதிரணியினர் தட்டிவிடுவர். எண்பது நிமிடம் ஓடிக் களைத்த பிறகும் இதைச் சரியாகக் கணிக்க வேண்டும். பயிற்சித் திடலில் நூறு முறை செய்து பார்க்கலாம். இருந்தாலும், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில் செய்து பழக, அத்தகைய ஆட்டத்திலேயே ஆடியாக வேண்டும்.

மூன்று நாள் கழித்து நடந்த இறுதியாட்டத்தில் மலேசியா தாய்லாந்திடம் 0-1 என்று தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. அந்தக் கோலும் ஒரு மூலை உதையில்தான் விழுந்தது. அது மலேசியாவின் சொந்தக் கோல். அதனால், அரையிறுதியின் மகிழ்ச்சியைப் பலர் விரைவில் மறந்தனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் காற்பந்துப் போட்டி 22 வயதுக்குட்பட்டோருக்கானது. 1995-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களே அதில் ஆட முடியும். தனபாலன் பிறந்த ஆண்டு 1995. 1994-இல் பிறந்திருந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் ஷா ஆலாமில் அவர் பார்வையாளராகத்தான் அமர்ந்திருப்பார். இளையோர் காற்பந்தின் கதவுகள் வயதைப் பார்த்தே திறக்கின்றன, வயதைப் பார்த்தே மூடுகின்றன. இளம் ஆட்டக்காரருக்குக் காயம் ஏற்பட்டு ஓராண்டு வீணாவதைப் பெற்றோரும் பயிற்றுநரும் பெரிதாக எண்ணுவதற்கு இதுவே காரணம். போன அந்த ஓராண்டைத் திரும்பப் பெற வழியில்லை.

அதே வயது வரம்பில் தனபாலனுக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் சீனாவில் 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டி நடைபெற்றது. ஓங் கிம் சுவீயின் பயிற்சியில் சென்ற மலேசிய அணி, முதல் ஆட்டத்தில் ஈராக்கிடம் 1-4 என்று தோற்றது. பிறகு ஜோர்டானுடன் சமநிலை கண்டு, சவூதி அரேபியாவை 1-0 என வென்று, முதன்முறையாக அப்போட்டியின் காலிறுதியை எட்டியது. அங்கே எதிர்த்து நின்றது தென்கொரியா. ஆட்டம் தொடங்கி அரை நிமிடங்கூட ஆகாத நிலையில் தென்கொரியா கோல் அடித்துவிட்டது. இதற்குமேல் எத்தனை விழுமோ என்று பலரும் அஞ்சியிருப்பர். ஆனால், 67-ஆவது நிமிடத்தில் தனபாலன் அடித்த கோல் ஆட்டத்தைச் சமமாக்கியது. ஏறத்தாழ இருபது நிமிடம் மலேசியா தாக்குப்பிடித்தது. 85-ஆவது நிமிடத்தில் தென்கொரியாவின் இரண்டாவது கோல் விழுந்தது.

நாட்டின் இளையோர் அணிக்காக இப்படி ஆடும் ஒருவர், கிளப் அணியில் வாரந்தோறும் களமிறங்குவார் என்று நாம் எண்ணலாம். அது அவ்வளவு எளிதன்று. கிளப் ஒவ்வொன்றும் இந்த வார ஆட்டத்தை வெல்ல வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. வெற்றிக்குக் கோல் தேவை. ஆகவே, வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடங்களில் ஒன்றையாவது முன்வரிசைக்கு ஒதுக்குவது நம் கிளப்புகளின் வழக்கம். அண்மைய ஆண்டுகளில் சூப்பர் லீக்கில் அதிகக் கோல் அடித்தவர்களைப் பாருங்கள்: 2022-இல் ஜொகூர் டாருல் தக்சிம் அணியின் பிரேசில் ஆட்டக்காரர் பெர்க்சன்தான் முதலிடம். அனுபவம் வாய்ந்த அத்தகையவர் இருக்கும்போது, இருபது வயது உள்ளூர் இளைஞர் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் காத்திருக்கிறார். கடைசிப் பத்து நிமிடத்திற்கு உள்ளே வருகிறார். பயிற்றுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. தோற்றால் முதலில் வேலை இழப்பவர் அவர்தான்.

சிலர் இடம் மாறியும் வெற்றி பெறுகின்றனர். நெகிரி செம்பிலானைச் சேர்ந்த எஸ். குணாளன் வேகமான ஓட்டத்திற்குப் பெயர்பெற்றவர். பக்கவாட்டில் தாக்கி ஆடுபவராகத் தொடங்கினார். 2010-இல் கே. ராஜகோபாலின் பயிற்சியில் ஆசியான் கிண்ணத்தை வென்ற தேசிய அணியிலும் இருந்தார். பின்னர் ஜொகூர் அணியில் வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரராகவே நிலைத்துவிட்டார். முன்வரிசைதான் வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் அவ்வளவு நீண்ட காலம் ஆடியிருப்பாரா என்பது ஐயமே.

முன்வரிசையை விடாமலேயே மேலே வர வழி இல்லையா? இருக்கிறது. ஆனால், அதற்கு இளையோர் தொடர்ந்து ஆடுவதற்கென்றே ஆட்டங்கள் வேண்டும். நம் நாட்டில் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகள், சுக்மா, பியாலா பெலியா, பியாலா பிரெசிடென் ஆகியவை அதற்காகவே நடத்தப்படுகின்றன. இத்தகைய ஏணி எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டு இளைஞர் ஒருவரின் வளர்ச்சி தெளிவான சான்றாகும்.

சிவசக்தி நாராயணன் 2001-இல் பிறந்தவர். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை அடுத்த கண்டனூர் அவரது ஊர். முன்னாள் இந்திய ஆட்டக்காரர் ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியில் பயின்று, பெங்களூரு எஃப்சி கிளப்பின் இரண்டாம் அணியில் சேர்ந்தார். இரண்டாம் அணி என்றால் உபரி அணி என்று நினைத்துவிடக் கூடாது. முதல் அணியில் மாதம் முழுவதும் சேர்த்துக் கிடைக்கும் நிமிடங்களை, அங்கே ஒரே ஆட்டத்தில் பெறலாம். கோல் வாய்ப்பைத் தவறவிட்டாலும், அடுத்த ஆட்டத்தில் மீண்டும் களமிறங்கலாம். 2022-இல் இளையோருக்கான வளர்ச்சி லீக் கோவாவில் முதன்முறையாக நடந்தது. பெங்களூரு முதலிடம் பெற்றது.

அதே ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், கொல்கத்தாவில் டுராண்டு கிண்ண இறுதியாட்டம். 1888-இல் தொடங்கிய பழமையான போட்டி அது. இம்முறை ஆடியது முதல் அணி. மும்பை சிட்டிக்கு எதிராக ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சிவசக்தி கோல் அடித்தார். பெங்களூரு 2-1 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அடுத்து வந்த இந்திய சூப்பர் லீக்கில் அவர் ஆறு கோல்கள் அடித்தார். எண்ணிக்கை பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், அந்த அணியின் முன்வரிசையில் இருந்தவர் யார் தெரியுமா? இந்தியாவுக்காக மிக அதிகக் கோல்கள் அடித்த சுனில் சேத்ரி. பருவத்தின் பிற்பகுதியில் பயிற்றுநர் சைமன் கிரேசன், சேத்ரியை மாற்று ஆட்டக்காரராக அமர்த்திவிட்டுச் சிவசக்தியைத் தொடக்கத்திலிருந்தே ஆட வைத்தார். அணி தொடர்ச்சியாக வென்று இறுதியாட்டத்தை எட்டியது. அப்பருவத்தின் சிறந்த வளரும் ஆட்டக்காரர் விருது சிவசக்திக்கு வழங்கப்பட்டது.

2023 மார்ச் 18-ஆம் நாள் கோவாவில் நடந்த இறுதியாட்டத்திலும் அவர் தொடக்க அணியில் இருந்தார். ஆனால், ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயமுற்று வெளியேற, அவருக்குப் பதிலாகச் சேத்ரி உள்ளே வந்தார். ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிய, பினால்டி உதைகளில் மோகன் பகான் வென்றது. சிவசக்திக்கு அப்போது வயது 21.