பகுதி அறிந்து பொருள் காணல்

மேல்வகுப்பு மாணவர் பலர் ஆங்கில அருஞ்சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை மறந்துபோகின்றன. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே சுமப்பதே இதற்குக் காரணம். தமிழ் பயிலும் மாணவருக்கோ சுமையைக் குறைக்கும் வழி முன்பே தெரியும். அது ஆங்கிலத்துக்கும் பயன்படும் என்பதைத்தான் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

‘பார்த்தான்’ என்னும் சொல் பார்+த்+த்+ஆன் எனப் பிரியும். பார் என்பது பகுதி. முதல் ‘த்’ சந்தி. அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை. ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காகப் படிக்கப்படும் இப்பகுபத உறுப்பிலக்கணம், சொல்லின் உட்பொருளைக் காணும் பயிற்சியும் ஆகும்.

ஆங்கில அருஞ்சொற்களுள் மிகுதியானவை இலத்தீன், கிரேக்க மொழிகளிலிருந்து வந்தவை. அவற்றுள் ‘ஸ்பெக்ட்’ என முடியும் சொற்களைக் காண்போம். இலத்தீன் வழிவந்த இப்பகுதிக்கும் ‘பார்’ என்பதே பொருள். தமிழில் பகுதி முதலில் நிற்கும். இச்சொற்களிலோ முன்னொட்டு முந்திக்கொள்ளும். ‘இன்’ என்றால் உள்ளே. எனவே ‘இன்ஸ்பெக்ட்’ என்பது உள்நோக்கி ஆராய்தல். ‘ரெட்ரோ’ என்றால் பின். ‘ரெட்ரோஸ்பெக்ட்’ என்பது கடந்ததைத் திரும்பிப் பார்த்தல். மாணவரை மிகவும் மருட்டும் சொல் ‘சர்கம்ஸ்பெக்ட்’. ‘சர்கம்’ என்றால் சுற்றிலும். நாற்புறமும் பார்த்தபின் செயல்படும் இயல்பை அச்சொல் குறிக்கிறது. “அக்கம்பக்கம் பார்த்துப் பேசு” என்று வீட்டில் பாட்டி சொல்வது இதைத்தான். அந்த நினைவோடு கற்ற சொல் எளிதில் மறவாது.

எனினும் எழுத்தொலியை மட்டும் நம்பிப் பிரித்தல் கூடாது. பேரழிவைக் குறிக்கும் ‘கேட்டஸ்ட்ரஃபி’ என்னும் சொல்லின் முதலில் நிற்பது, கீழ்நோக்கி எனப் பொருள்படும் கிரேக்க முன்னொட்டு. ‘கேட்டமரான்’ என்னும் சொல்லும் அவ்வாறே தொடங்குகிறது. ஆனால் கிரேக்கத்தில் எவ்வளவு தேடினாலும் அதன் பகுதி கிடைக்காது. அது நம் கட்டுமரம்! இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களைத் தொகுத்து 1886இல் இலண்டனில் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலும் அது தமிழ்ச்சொல்லாகவே இடம்பெற்றுள்ளது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டானி’ எனவும் சுருட்டு ‘செரூட்’ எனவும் அவ்வாறே ஆங்கிலம் புகுந்தன.

போன இடத்தில் பொருள் மாறுவதும் உண்டு. பரதவரின் கட்டுமரம், மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டியது. இன்றைய ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்பது பெரும்பாலும் இரட்டை அடிப்பாகம் கொண்ட படகையே குறிக்கிறது. அதில் கயிறும் இல்லை, கட்டும் இல்லை, பல படகுகளில் மரமும் இல்லை.