உரத் தொட்டியா... குப்பைத் தொட்டியா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. 'தட தட'வென்று கதவு தட்டும் சத்தம். திறந்தால்... ஹவுஸ் ஓனர் மாமி! புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"ஏம்ப்பா, மொட்டை மாடியில என்னத்தை வெச்சிண்டிருக்கே? எலி ஏதாவது செத்துக் கெடக்கா?"

"இல்ல மாமி... அது வந்து... உரம்!"

"உரமோ, மரமோ... ஒரு வாரம் டைம் தரேன். ஒண்ணு அது காலியாகணும், இல்லேன்னா நீங்க காலி பண்ணணும்!"

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் கடைசி வரியின் பயங்கரம் புரியும்.

மாடியில் ஒரு மண் தொட்டி, நாலு தக்காளிச் செடி, ரெண்டு மிளகாய்ச் செடி... இதுதான் என் 'பண்ணை'. 'எங்க வீட்டுக் குப்பை வெளியே போறதே இல்லே, எல்லாம் உரம்தான்' என்று ஆபீஸில் ஒரு மாதமாக அளந்துகொண்டிருந்தேன். அப்படியிருக்க, ஏன் இந்த நாற்றம்?

எங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒரு பெரியவர். ரிடையராக இன்னும் எட்டு மாசம். மாடித் தோட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அன்று சாயந்திரமே அவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டேன். தொட்டியைத் திறந்தார். ஒரு குச்சியால் கிளறினார். அப்புறம் நடந்தது... போஸ்ட்மார்ட்டம்!

முதலில் வெளியே வந்தது, போன வாரத்து சாம்பார் சாதமும் வடையும்.

"தம்பி, குப்பையைத் தின்னு உரமாக்கறது பாக்டீரியாவும் பூஞ்சையும். அதுங்களுக்குக் காத்து வேணும். எண்ணெயும் நெய்யும் மேலே படிஞ்சு காத்தை அடைச்சிடும். சாதம் குழைஞ்சு கட்டி தட்டிடும். உடனே, காத்தே வேண்டாம்னு சொல்ற வேற கோஷ்டி உள்ளே குடியேறும். அதுங்க விடறதுதான் இந்த அழுகின முட்டை நாத்தம். ஹைட்ரஜன் சல்ஃபைடு!"

ஊறுகாய், அப்பளம் எல்லாம் போட்டால் உப்பு சேரும். அந்த உரத்தைப் போட்ட மண்ணில் வேரால் தண்ணீரை இழுக்க முடியாதாம்.

அடுத்த குச்சிக் குத்தில் வந்தது, எலும்பு! மாமிக்குத் தெரியாமல் ராத்திரி பத்து மணிக்கு வாங்கி வந்த சிக்கன் பிரியாணியின் எலும்பு. தடயத்தை மறைக்க இதைவிட நல்ல இடம் ஏது? ஹி... ஹி...

"இதுவும் மக்கற பொருள்தானே சார்?" என்றேன் அப்பாவியாக.

"மக்கும். எங்கே? மூணடிக்கு மூணடி, உயரமும் மூணடி இருக்கிற பெரிய குவியல்ல, பக்குவமாப் பண்ணினா. அதுலதான் உள்ளே 55 டிகிரிக்கு மேல சூடு ஏறும். அந்தச் சூடு பல நாள் நின்னாத்தான் நோய்க் கிருமி, களை விதையெல்லாம் சாகும். உன் தொட்டி ஒன்றரை அடி. கையை வெச்சா வெதுவெதுன்னு இருக்கும், அவ்வளவுதான். அதனால, சூடு கொல்ல வேண்டிய எதையும் உன் தொட்டியில போடாதே!"

மொத்த விஷயமும் இந்த ஒரு வரியில் அடக்கம். நாய், பூனைக் கழிவு கூடாது என்பதும் இதனால்தான். அதிலிருக்கும் உருளைப்புழு முட்டைகள் மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்ணில் விளையாடும் குழந்தைகளைத்தான் முதலில் பிடிக்கும். நோயில் செத்த செடியைப் போட்டால், அந்த நோயையே அடுத்த செடிக்கு உரமாக வைக்கிறோம் என்று அர்த்தம்.

அப்போதுதான் பெரியவர் நாலைந்து சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார். அம்மா பக்கத்தில்! எனக்கு வியர்த்துவிட்டது.

"காத்துல பறந்து வந்திருக்கும்..." என்றேன்.

"பறந்து வந்து அடியில புதைஞ்சுதாக்கும்! தம்பி, இந்த ஃபில்டர் பஞ்சு இல்லே, ஒரு வகை பிளாஸ்டிக். புகையிலையில தேமல் வைரஸ் இருக்கலாம். 50, 60 டிகிரிக்கெல்லாம் அது அசையாது. தக்காளி, மிளகாய் ரெண்டையும் தாக்கும்."

என் தக்காளி இலைகளைத் திரும்பிப் பார்த்தேன். பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக... குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

கடைசியாகக் குச்சியில் மாட்டியது ஒரு ஷேவிங் பிளேடு. வெங்காயத் தோலோடு சேர்த்து நான் வீசியது.

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "போன மாசம் விரல்ல கட்டுப் போட்டிருந்தேனே... அரிவாமணை இல்லடா, இதைக் கிளறும்போதுதான். சொன்னா தோட்டத்தையே தூக்கிடுவேன்னு சொல்லலே. டி.டி. ஊசி போட்டுக்கிட்டேன்."

பேச்சே வரவில்லை எனக்கு. மாமிக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் மறைக்க வேண்டியதையெல்லாம் உரத் தொட்டியில் போட்டிருக்கிறேன். அது அம்மாவின் விரலில் வந்து நின்றிருக்கிறது.

"தொட்டியிலேருந்து எடுத்துட்டா மட்டும் போதாது" என்றார் பெரியவர். "அடுத்து அது துப்புரவுப் பணியாளர் கைக்குப் போகுது. அவங்களுக்கும் விரல் இருக்கு. தடிமனா பேப்பர் சுத்தி, 'பிளேடு'ன்னு எழுதித் தனியா கொடு."

2016-ல் வந்த மத்திய அரசு விதிகளும் குப்பையை மூன்றாகப் பிரிக்கத்தான் சொல்லின. மக்கும் குப்பை ஒன்று, உலர்ந்த குப்பை ஒன்று. பழைய பேட்டரி, பல்பு, காலாவதியான மாத்திரை, ஊசி போன்றவை மூன்றாவது. நமக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரே கவர்!

தொட்டிக்கு 'நோ என்ட்ரி'!

● டீக்கடை பேப்பர் கப்: உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இதற்குத் தடை.

● ஏ.டி.எம். ஸ்லிப், கடை பில்: காகிதத்தின் மேல் ரசாயனப் பூச்சு.

● டீ பேக்: பலவற்றில் பிளாஸ்டிக் கலப்பு. பிரித்து, தூளை மட்டும் போடுங்கள்.

● ஆப்பிள் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்: தோல் மக்கும், ஸ்டிக்கர் மக்காது.

● சாமிக்குப் போட்ட மாலை: பூ ஓகே. நைலான் நூலும் ஜிகினாவும் கூடாது. வாழை நார் என்றால் அப்படியே போடலாம்.

● கோரைக் கிழங்கு, விதை விட்ட பார்த்தீனியம்: உரத்தோடு சேர்ந்து முளைக்கும்.

● பால், தயிர், கொசுவர்த்திச் சாம்பல்: வேண்டவே வேண்டாம்.

அன்று ராத்திரியே தொட்டியைக் காலி பண்ணினேன். காய்கறித் தோல், வடிகட்டிய டீத்தூள், முட்டை ஓடு, பூ... ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு ரெண்டு பங்கு காய்ந்த இலை. ரெண்டு நாளைக்கு ஒருமுறை கிளறல். ஒரு வாரத்தில் மாமி மூக்கிலிருந்து தலைப்பு இறங்கியது.

மூன்று மாதம் கழித்து, மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பாக உரம். மாமியே மாடியேறி வந்தார், கையில் கிண்ணத்துடன்!

"துளசிக்குக் கொஞ்சம் தாயேன்ப்பா."

பெருமையாக அள்ளிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படியிறங்கியவர், பாதியில் நின்று திரும்பினார்.

"ஆமா... அந்தப் பிரியாணி எலும்பையெல்லாம் இப்போ எங்கே போடறே?"