படிக்கட்டும் இசையெழுத்தும்

அலிபிரியில் நின்று அண்ணாந்து நோக்கினால், திருமலைக்கு ஏறும் ஏறக்குறைய 3,550 படிகளின் தொடக்கம் தெரியும். மேலைநாட்டாரின் ஐந்துகோட்டு இசையெழுத்தும் ஒரு படிக்கட்டே என்றறிந்தால், அதைக் கற்கும் அச்சம் நீங்கும்.

ஐந்து கோடுகள், அவற்றிடையே நான்கு இடைவெளிகள். கோடும் இடைவெளியும் மாறி மாறிப் படிகளாகும். வயலின் இசைக்குரிய சுருள்குறி தொடக்கத்தில் இருக்கட்டும். அடிக்கோட்டிற்குக் கீழே தனியாக இடும் சிறு கோட்டை ஸட்ஜமாகக் கொள்வோம். அதற்கடுத்த இடம் ரிஷபம், முதற்கோடு காந்தாரம், முதல் இடைவெளி மத்யமம். இவ்வாறே ஏறினால், மூன்றாம் இடைவெளியில் மேல் ஸட்ஜத்தை அடைவோம். இதுவே நம் சங்கராபரணத்தின் ஸ்வர வரிசை. ஆயினும் படிகள் யாவும் ஒரே உயரமல்ல: காந்தாரத்திலிருந்து மத்யமமும், நிஷாதத்திலிருந்து ஸட்ஜமும் அரைப்படியே.

இடம் ஸ்வரத்தைச் சொல்லும். வடிவம் காலத்தைச் சொல்லும். வெற்று முட்டை வடிவுக்கு நான்கு எண்ணிக்கை எனில், காம்பு சேர்ந்தால் இரண்டு. உள்ளும் கறுத்தால் ஒன்று.

இவ்வெழுத்தால் பயன் யாது? திருமலையே விடை கூறும். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாசாரியரின் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்று அங்குப் பேணப்பட்டன. சொற்கள் பிழைத்தன, இராகப் பெயர்களும் பிழைத்தன. ஆனால் பெரும்பாலான பாடல்களின் மெட்டு எழுதப்படவில்லை. ஆதலின் 20-ஆம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் புதிதாக மெட்டமைக்க நேர்ந்தது.

இத்தகைய இழப்பைத் தடுக்க விழைந்த சென்னை அ. மு. சின்னசாமி முதலியார், 1893-இல் நம் கீர்த்தனைகளை ஐந்துகோட்டு முறையில் அச்சிட்டார். அவருடைய ஊக்கத்தைப் பெற்றவர் சுப்பராம தீக்ஷிதர். 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த தம் 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'யில், நம் ஸ்வர எழுத்துக்களோடு கமகக் குறிகளையும் அவர் சேர்த்தார். ஸ்வரத்தின் அசைவை வெறும் கோடுகள் முற்றும் காட்டமாட்டா என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

பிற மாநிலங்களில் வாழும் நம் குழந்தைகள் பள்ளியில் பியானோ பயிலக்கூடும். அவர்கள் முதலில் முத்துசுவாமி தீக்ஷிதரின் நோட்டுஸ்வரங்களை வாசிக்கட்டும். மேலைநாட்டு மெட்டுக்களில் அமைந்த அவற்றில் கமகம் மிகாது. பின்னர்ப் பாட்டி பாடும் தாலாட்டைக் கேட்டு எழுதட்டும். எழுதியதை அவரிடமே பாடிக் காட்டித் திருத்திக்கொள்ளட்டும். தாளில் அடங்காத அசைவு அவர் குரலில் உண்டு. அக்குரல் கேட்கும்போதே எழுதிவைப்பது நம் கடமை.