முதலாண்டு மருத்துவ மாணவருக்கு யார் மருத்துவம் பார்ப்பது?

"டாக்டர் சீட் கிடைச்சிடுச்சு, இனிமே என்ன கவலை?" மருத்துவக் கல்லூரியில் பிள்ளை சேர்ந்த வீட்டில் எல்லாரும் சொல்வது இதுதான். கவலை தொடங்குவதே அன்றைக்குத்தான் என்பது அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரியும்.

முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என மூன்று பெரிய பாடங்கள். உடற்கூறியல் கூடத்தில் ஃபார்மலின் நெடியில் கண் எரியும். அன்று மதியம் மெஸ்ஸில் சோறு இறங்காது. 206 எலும்புகள், ஒவ்வொன்றிலும் மேடு, பள்ளம், துளை. அத்தனைக்கும் வாயில் நுழையாத பெயர்கள். பள்ளியில் முதல் மாணவராக இருந்தவர், முதல் முறையாக ஒரு தேர்வில் ஃபெயில் ஆவதும் இங்கேதான். வீட்டில் சொல்ல முடியுமா?

தமிழ்வழியில் படித்தவருக்குச் சுமை இரட்டிப்பு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் தமிழகத்தில் 2020-ல் வந்தது. கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்தது. ஆனால் உள்ளே போனதும் வகுப்பு முழுக்க ஆங்கிலம். விடை தெரிந்தும், வைவாவில் வாய் திறக்காமல் நிற்பவர்கள் உண்டு. எல்லை தாண்டினாலும் இதே கதைதான். யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மிய மொழி. மருத்துவம் படிக்கப் போனால் ஆங்கிலம்!

தமிழில் மருத்துவம் முடியாதா? 19-ம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் மொழிபெயர்த்தார். இன்று ஆங்கிலம் தேவைதான். ஆனால் முதல் சில மாதங்களாவது தமிழில் விளக்கம் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இது வெறும் படிப்புப் பிரச்சினை அல்ல. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் அளித்த அறிக்கையைப் பாருங்கள். ஆய்வில் பங்கேற்ற 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டதாகக் கூறியிருக்கிறார்கள். 16.2 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கிறது. முதலாண்டுத் தேர்வில் தேற நான்கு வாய்ப்புகள்தான் என்ற விதியும் தலைக்கு மேல் தொங்குகிறது.

புதிய பாடத்திட்டம் 2019-ல் கொண்டுவந்த அறிமுகப் பயிற்சியில் மொழிப் பயிற்சியும் உண்டு. அதைச் சடங்காக முடித்துவிடாமல், ஆண்டு முழுக்க மாலை வகுப்பாகத் தொடரலாம். தேறிய சீனியர்களையே கைகொடுக்கச் சொல்லலாம்.

பெற்றோரே, இன்றிரவு போன் செய்யும்போது "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேளுங்கள். குரல் உடைந்தால் கிளம்பிப் போய்ப் பாருங்கள். மாணவர்களே, மனசு தாங்கவில்லை என்றால் 14416 'டெலி மானஸ்' இலவச எண் 24 மணி நேரமும் உண்டு. உதவி கேட்பது தோல்வி அல்ல. நாளை உங்களிடம் வரப்போகிற நோயாளி செய்யப்போவதும் அதைத்தானே!