கமிஷன் கடை நோட்டும் கம்ப்யூட்டர் கணக்குப்பிள்ளையும்

அனுமந்தன்பட்டி ஸ்டாப்ல பஸ் ஏறி, ஃபுட்போர்டுல ஒரு கால், உள்ளே ஒரு கால்னு காலேஜ் போற பார்ட்டியா நீங்க? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குத்தான். மத்த ஊர்க்காரங்களும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கூட வாங்க, இடம் இருக்கு!

நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது தெரியும்தானே? மத்த இடத்துல திராட்சைக்கு ஒரு சீஸன் உண்டு. இங்கே வருஷம் பூரா ஏதாவது ஒரு பந்தல்ல பழம் தொங்கும். பழம் ஓயலைன்னா கணக்கும் ஓயாது. எந்த லோடு யாரோடது, எத்தனை கிலோ, என்ன விலை, யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார்... ஒரு கமிஷன் கடை நோட்டைப் புரட்டினா, உங்க டி.பி.எம்.எஸ் புத்தகத்துல இருக்கிற டேபிள் எல்லாம் அழுக்கு அட்டைக்குள்ளே உட்கார்ந்திருக்கும்.

இப்போ அந்த நோட்டை டேட்டாபேஸா மாத்தி, அதோட ஒரு ஏ.ஐ உதவியாளரைக் கோத்துவிட்டு, ‘இந்த மாசம் யாருக்கு எவ்வளவு பாக்கி?’ன்னு தமிழ்லயே கேட்டா பதில் வருமா? வரும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இதையே டைட்டிலா எழுதிக் கொடுத்தவங்க உங்க க்ளாஸ்லயே இருப்பாங்க. ஆனா வர்ற பதில் சரியான்னு பார்க்கத் தெரியணும். வம்பு அங்கேதான்.

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். டேட்டாவை டேபிள்களா வைக்கலாம்னு ஐ.பி.எம்-ல இருந்த எட்கர் காட் 1970-ல் எழுதினார். அதே கம்பெனியில சேம்பர்லின், பாய்ஸ்னு ரெண்டு பேர் 1974-ல் ‘சீக்வல்’ங்கிற மொழியைக் கொடுத்தாங்க. அதுதான் பேர் சுருங்கி எஸ்.க்யூ.எல் ஆச்சு. ப்ரோக்ராமர் இல்லாதவங்களும் கேள்வி கேட்கணும்கிறதுதான் அவங்க ஆசை. (லேப் எக்ஸாம்ல ஜாயின் எழுதி முழிச்சவங்க இந்த இடத்துல சிரிச்சுக்கலாம்!) மனுஷ பாஷையில நேரா கேட்கிற முயற்சியும் அப்பவே தொடங்கிடுச்சு. அப்போலோ விண்கலம் கொண்டுவந்த நிலாக் கல்லைப் பத்தி விஞ்ஞானிகள் இங்கிலீஷ்ல கேள்வி கேட்க, ‘லூனார்’ங்கிற சிஸ்டம் பதில் சொல்லும். செஞ்சவர் வில்லியம் வுட்ஸ், வருஷம் 1971. நிலாக் கல்லைத் தவிர வேற எதைக் கேட்டாலும் அது பேந்தப் பேந்த முழிக்கும்.

இன்னைக்கு நடக்கிறது என்னன்னா, ஏ.ஐ உங்க டேட்டாவை மனப்பாடம் பண்றதில்லை. என்னென்ன டேபிள், என்னென்ன காலம்னு அதுக்கு ஒரு பட்டியல் போகுது. உங்க கேள்வியையும் பட்டியலையும் பார்த்து அது ஒரு க்வெரி எழுதுது. நடுவுல இருக்கிற ஒரு சின்ன ப்ரோக்ராம் அதை டேட்டாபேஸ்ல ஓட்டி, வர்ற வரிகளைத் திருப்பிக் கொடுக்குது. அதைப் படிச்சு ஏ.ஐ உங்களுக்குக் கதை சொல்லுது. நோக்கியாவுக்குத் தடி பின், ஒல்லி பின்னு சார்ஜர் தேடி அலைஞ்ச காலம் மாதிரி, இந்த நடு ப்ரோக்ராமும் ஆளாளுக்கு ஒரு தினுசா இருந்தது. 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் கம்பெனி ‘எம்.சி.பி’னு ஒரு பொது முறையை வெளியிட்டது. தென்காசிக்குப் பக்கத்துல மத்தளம்பாறையில ஆபீஸ் வெச்சிருக்கிற நம்ம ஸோஹோவும் 2025 ஜூலையில தன்னோட எம்.சி.பி சர்வரைக் கொண்டுவந்தது.

சரி, இப்போ வம்புக்கு வருவோம். ஒரு கற்பனைக் கடை. ஒரு சம்சாரி மூணு லோடு போட்டிருக்கார். ஒவ்வொண்ணும் பத்தாயிரம் ரூபாய், ஆக 30,000. நடுவுல ஒரே ஒரு தடவை அட்வான்ஸா 15,000 வாங்கியிருக்கார். கடை அவருக்கு 15,000 தரணும். நம்ம பாட்டிகூட வெத்தலை போட்டுக்கிட்டே சொல்லிடுவாங்க.

ஏ.ஐ என்ன செய்யலாம்னு பாருங்க. லோடு டேபிளையும் அட்வான்ஸ் டேபிளையும் சம்சாரி நம்பரை வெச்சு ஜாயின் போடுது. மூணு லோடு, அதனால மூணு வரி. ஒவ்வொரு வரியிலும் அந்த ஒரே அட்வான்ஸ் போய் ஒட்டிக்கும். கூட்டினா அட்வான்ஸ் 45,000! ‘இவர் கடைக்கு 15,000 ரூபாய் தர வேண்டும்’னு சுத்தத் தமிழ்ல, தெளிவா, மரியாதையா பதில் வரும். எர்ரர் மெசேஜ் கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது. வாங்க வந்த மனுஷன் கடன்காரனா திரும்பிப் போவார். கம்ப்யூட்டரே சொல்லிடுச்சேன்னு அவரும் எதிர்த்துப் பேச மாட்டார், அதுதான் கொடுமை.

இது ஏ.ஐ கண்டுபிடிச்ச புதுத் தப்பு இல்லை. நாமளும் காலங்காலமா செய்யறதுதான். லோடைத் தனியா கூட்டு, அட்வான்ஸைத் தனியா கூட்டு, அப்புறம் ரெண்டையும் சேர். அவ்வளவுதான் வைத்தியம். ஆனா வியாதி இருக்குன்னு தெரிய, எழுதின க்வெரியைத் திறந்து பார்க்கணும். அதனால உங்க ப்ராஜெக்ட்ல பதிலுக்குக் கீழே க்வெரியும் தெரியுற மாதிரி வைங்க. ‘எடை’னு ஒரு காலம் இருந்தா அது கிலோவா, பெட்டியான்னு பக்கத்துல எழுதி வைங்க. ஒரே ஆளோட பேரு மூணு ஸ்பெல்லிங்ல இருந்தா, ஏ.ஐ-க்கு அவர் மூணு ஆளு.

அடுத்தது சாவி. ஏ.ஐ-க்குக் கொடுக்கிற யூஸருக்கு ‘செலக்ட்’ உரிமை மட்டும் கொடுங்க. ‘அப்டேட்’, ‘டெலீட்’ பக்கமே விடாதீங்க. 2025 ஜூலையில அமெரிக்காவுல ரெப்லிட் கம்பெனியோட ஏ.ஐ ஏஜென்ட், எதையும் மாத்தாதேன்னு சொல்லியிருந்தும் ஒரு தொழிலதிபரோட நிஜ டேட்டாபேஸையே அழிச்சது. கம்பெனித் தலைவர் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். ‘செய்யாதே’ன்னு சொல்றது வேற, செய்யவே முடியாதபடி பூட்டுறது வேற பாஸ்! போன் நம்பர், பேங்க் அக்கவுன்ட் இருக்கிற காலத்தை எல்லாம் மறைச்சு ஒரு ‘வியூ’ போட்டு, அதை மட்டும் காட்டுங்க. ‘ரிமார்க்ஸ்’ கட்டத்துல எவனாவது விளையாட்டா ஒரு கட்டளையை எழுதி வெச்சிருந்தா, அதையும் உங்க உத்தரவுன்னு ஏ.ஐ நம்பிடுற ஆபத்து உண்டு.

ட்ரை பண்ணணுமா? எஸ்.க்யூ.லைட் இலவசம்தான், பழைய லேப்டாப்பே போதும். பத்து சம்சாரி, முப்பது லோடு, அஞ்சாறு அட்வான்ஸ்னு நீங்களே ஒரு பொய்க் கணக்கு தயார் பண்ணுங்க. யாருக்கு எவ்வளவு பாக்கின்னு முதல்ல பேப்பர்ல கையால போட்டு, மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கங்க. அப்புறமா ஏ.ஐ-கிட்ட கேளுங்க. ரெண்டும் ஒத்துப்போகாத முதல் ஆளைப் பிடிச்சதும், அந்த க்வெரியை ப்ரிண்ட் எடுத்து ரெக்கார்டு நோட்ல ஒட்டிடுங்க. வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்கப்போற முதல் கேள்வி அதுலதான் இருக்கும்!