இரு சிட்டை, ஒரு பேரேடு

மல்லாங்கிணற்றுக் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடை என்று வைத்துக்கொள்வோம். அண்ணனும் தம்பியும் வியாபாரம் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு சிட்டை, கடைக்கோ ஒரே பேரேடு. பகலில் அண்ணன் எழுதியது தம்பிக்குத் தெரியாது. இரவு கடை அடைக்கும்போதுதான் இரண்டும் பேரேட்டில் ஏறும். அதற்குள் ஒரு சிட்டை தொலைந்தால் அன்றைய கணக்கும் தொலைந்ததே!

யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளிலும் நடப்பது இதுதான். நாம் இடும் கட்டளையை வாங்கி நிறைவேற்றித் தரும் நிரலுக்கு ‘ஷெல்’ என்று பெயர். இட்ட கட்டளைகளை நினைவில் வைத்துத் திரும்ப எடுத்துத் தரும் வசதி, 1970களின் பிற்பகுதியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய ‘சி ஷெல்’லில் இடம்பெற்றது. 1989இல் வெளிவந்த, பிரயன் ஃபாக்ஸ் எழுதிய ‘பாஷ்’ என்னும் ஷெல்லே இன்று லினக்ஸில் பெருவழக்காக உள்ளது. தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினியில் ‘பாஸ்’ லினக்ஸைத் திறந்து பார்த்தவர்கள் இதை அறிந்திருப்பார்கள்.

இரண்டு சாளரங்களைத் திறந்தால் இரண்டு ஷெல்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தொடங்கும்போது வரலாற்றுக் கோப்பைப் படிக்கிறது. பிறகு இடும் கட்டளைகளைத் தன் நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கிறது. முறையாக மூடும்போதுதான் கோப்பில் எழுதுகிறது. இடையில் மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. சென்ற பருவத்தில், செயல்முறைத் தேர்வுக்கு முதல்நாள், அரைமணி நேரம் முயன்று சரிசெய்த ஒரு நீண்ட கட்டளையை நான் இழந்தது இப்படித்தான்.

பரிகாரம் எளிது. முதலாவது, ‘ஹிஸ்ட்அப்பெண்ட்’ என்னும் விருப்பத்தை இயக்கிவிட வேண்டும். அப்போது பழைய பேரேட்டை அழித்தெழுதாமல் அதன் அடியில் சேர்த்தெழுதும். டெபியன் வகை லினக்ஸில் பயனரின் தொடக்கக் கோப்பிலேயே இது உண்டு. இரண்டாவது, ‘ப்ராம்ப்ட் கமாண்ட்’ என்னும் மாறியில் ‘ஹிஸ்டரி -ஏ’ என்று அமைத்துவிட்டால், ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் அது உடனே கோப்பில் ஏறிவிடும். மூன்றாவது, ‘ஹிஸ்டரி -என்’ என்று இட்டால் அடுத்த சாளரம் புதிதாக எழுதியவை நம் சாளரத்துக்கு வந்து சேரும்.

இம்மூன்றாவதையும் தானாக நடக்க விடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் எச்சரிக்கை தேவை. மேல்நோக்கும் அம்பு விசையை அழுத்தினால் வருவது நாம் கடைசியாக இட்ட கட்டளையாக இராது. அடுத்த சாளரத்தின் கட்டளையாக இருக்கக்கூடும். அது கோப்புகளை அழிக்கும் கட்டளையாயின், பாராமல் ‘என்டர்’ தட்டியவர் கதி என்ன? ஆகவே எழுதுவது உடனுக்குடன் நடக்கட்டும். வாங்குவதை வேண்டும்போது நாமே செய்வோம்.

இன்னொன்று. கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்து எழுதினால் அதுவும் பேரேட்டில் ஏறிவிடும். ‘ஹிஸ்ட்கன்ட்ரோல்’ மாறியில் ‘இக்னோர்ஸ்பேஸ்’ என்று வைத்தால், இடைவெளி விட்டுத் தொடங்கும் வரி பதிவாகாது.

அன்றன்றைக்கு எழுதாத கணக்கு அழிந்த கணக்கு. வானம் பார்த்த பூமியில் வரவு செலவு பார்த்து வாழும் நமக்கு இதைப் பிறர் சொல்லித்தர வேண்டுமா?