கல்லூரியின் முதல் படி

கல்லூரி வாயிலில் காலடி வைக்கும் நாளை எண்ணி மகிழாத மாணவி நம் பள்ளியில் எவரும் இலர். மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்தால் எங்கள் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். நிர்மலாவா, கிருஷ்ணம்மாளா, அவிநாசிலிங்கமா என்று பட்டியல் போடுவோம். சேர்ந்த பிறகு அங்கே என்ன நடக்கும் என்று மட்டும் எங்களுள் எவரும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு நம் பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறிய ஓர் அக்கா, கல்லூரியில் சேர்ந்த பதினைந்தாம் நாளே அழுதுகொண்டு வீடு திரும்பினார் என்று கேள்விப்பட்டபோதுதான் எங்களுக்குக் கேட்கத் தோன்றியது.

அக்காவின் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் மகளைக் கடிந்துகொள்ளவில்லை. "புரியலீன்னா விட்டுப்போட்டு வந்துரு கண்ணு, பனியன் கம்பெனிக்குப் போய்க்கலாம்" என்றாராம். அன்பாகச் சொன்ன அந்தச் சொல்லிலேயே அக்காவின் படிப்பு முடிந்துபோக இருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவர்.

அக்காவுக்குப் புரியாமல் போனது எது? கணிதம்! பன்னிரண்டாம் வகுப்பில் அவர் சிறந்து விளங்கிய பாடம் அது. முதல் வகுப்பில் பேராசிரியை "ஃபங்ஷன், ஃபங்ஷன்" என்று ஒரு மணி நேரம் பேசினாராம். நம் ஊரில் ஃபங்ஷன் என்றால் காதுகுத்தும் சீரும் அல்லவா? நாம் தமிழில் 'சார்பு' என்று படித்ததுதான் அது என்று அறிய அக்காவுக்கு இரண்டு நாட்கள் ஆயின. 'அணி' மேட்ரிக்ஸ் ஆயிற்று. 'வகைக்கெழு' டெரிவேட்டிவ் ஆயிற்று. தெரிந்த பாடமே அயலூர்ப் பெண்போல வந்து நின்றது. எழுத்துக்கூட்டத் தெரியாமல், காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே நோட்டில் எழுதி வந்திருக்கிறார். அதைப் பக்கத்துப் பெண் பார்த்துச் சிரித்துவிட்டாளாம்.

இந்தத் தடுமாற்றம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. திருப்பூரில் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம் அவர்கள் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பாடமொழியாக்கினார். கல்லூரிகளிலோ ஆங்கிலமே நீடித்தது. பின்னர் 1960-ல், பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், பி.ஏ. வகுப்பைத் தமிழில் நடத்தும் முயற்சி நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கியது. இருந்தும் அறிவியல் பட்டப் படிப்புகள் பெரும்பாலும் இன்றும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன.

நம் மடத்தில் ஓய்வில் இருக்கும் மூத்த சிஸ்டரிடம் இதைச் சொன்னோம். அவர் காலத்தில் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடுமாம். பட்டப் படிப்புக்கு முன் கல்லூரியிலேயே ஓராண்டு 'பி.யு.சி.' எனும் புகுமுக வகுப்பு. "ஆங்கிலத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்தே திணறினோம். அதனால் யாருக்கும் வெட்கம் இல்லை" என்று சிரித்தார். 1978-ல் மேனிலைக் கல்வி வந்தபோது அந்தப் புகுமுக ஆண்டு கல்லூரியை விட்டுப் பள்ளிக்கு வந்துவிட்டது. ஆக, கல்லூரிக்கு ஏறும் படி இப்போது நம் பள்ளியில்தான் இருக்கிறது. நாமோ அந்த இரண்டு ஆண்டுகளையும் வினா விடையை மனப்பாடம் செய்வதிலேயே கழித்துவிடுகிறோம். (எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.) கல்லூரிகள் தொடக்கத்தில் 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று சில நாட்கள் அடிப்படைப் பாடம் நடத்துவதுண்டு. அக்கா கடைசிக் கலந்தாய்வில் இடம் பெற்றுத் தாமதமாகச் சேர்ந்ததால் அது அவருக்குக் கிட்டவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். முதல் பருவத் தேர்வில் ஒரு தாளில் தவறினால் அந்த ஆண்டே வீண் என்று அக்காவின் வீட்டார் நினைத்திருந்தார்கள். உண்மை அதுவன்று. பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் தவறிய தாள் 'அரியர்' ஆகும். அடுத்த பருவத்துக்குச் சென்றுகொண்டே அதைத் திரும்ப எழுதலாம். வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால்தான் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். அழுதுகொண்டு வீட்டில் இருந்த நாட்களே அக்காவுக்கு வினையாக இருந்தன! பெற்றோர்கள் இதை அருள்கூர்ந்து கவனிக்க வேண்டுகிறோம். அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2022-ல் அரசுப் பள்ளி மாணவியருக்குத் தொடங்கிய அது, 2024-25 முதல் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் கிடைக்கிறது. பேருந்துச் செலவுக்குத் தயங்கும் வீடுகளுக்கு இது தெரிய வேண்டும்.

கல்லூரியில் யாரும் நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதில்லை என்று அக்கா கூறியதும், நாங்கள் வரலாறு டீச்சரிடம் வேண்டிக்கொண்டோம். அவர் இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். நாங்கள் கேட்டுக்கொண்டே குறிப்பெடுத்தோம். முதல் நாள் எங்களில் ஒருத்தியின் தாளில் 'எனவே' என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. வகுப்பே சிரித்தது, டீச்சர் உட்பட. நான்காம் வாரத்தில் அவளே அரைப் பக்கம் எழுதினாள். முழு வாக்கியம் எழுத முயலாமல் முக்கியச் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு, அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும். மறுநாள் பார்த்தால் நம் எழுத்தே நமக்குப் புரிவதில்லை.

சொற்களுக்கும் ஒரு வழி கண்டோம். அரசுப் பாடநூலின் தமிழ்ப் பதிப்பிலும் ஆங்கிலப் பதிப்பிலும் பாடங்கள் ஒன்றே. எங்கள் பத்தாம் வகுப்புக் கணக்கின் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. ஆங்கிலவழிப் பிரிவுத் தோழியரிடம் புத்தகம் வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள். அதற்கு மேல் எழுதினால் மனத்தில் நிற்பதில்லை.

அக்கா கல்லூரியை விடவில்லை. முதல் பருவத்தில் இரண்டு அரியர். அடுத்த பருவத்தில் ஒன்றை முடித்துவிட்டார். போன மாதம் பள்ளிக்கு வந்தவர் எங்கள் சொல் நோட்டைப் பார்த்துவிட்டு, படியெடுத்துக்கொள்ள இரவல் கேட்டார். திங்கட்கிழமை தங்கையிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினார். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருபது சொற்கள் கூடுதலாக இருந்தன.